அம்மா பூட்டிய பிறேக்

எங்கள் பழைய ட்ரெய்லர் இறக்கத்தில் காரை முட்டித் தள்ளினால், அந்தத் தள்ளலில் ஒரு கம்பி இழுபட்டு அதன் பிறேக் தானாகப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மலையிலிருந்து விறகு ஏற்றி வந்த ஒருநாள் அது காரைத் தள்ளிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டி நடுச்சந்தியில் விட்டது. எங்களுக்கு மிக அருகில் ஒரு லொறி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டியது அம்மா. பயத்தில் அவர் பிறேக்கை மிதிக்கவேயில்லை என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. ட்ரெய்லரை விற்கவும் விடவில்லை. சனி, ஞாயிறுகளில் டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டு கராஜ் வாசலில் அதன் கீழே படுத்துக் கிடந்து, சக்கரச் சில்லுகளுக்குள் மின்சார பிறேக் பூட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அதிலுள்ள பிடியைத் தள்ளினால் ட்ரெய்லர் மட்டும் பிறேக் பிடிக்கும்.

மலையில் ஒரு வீட்டில் செங்கல் கிடைத்தது. என்னை வீட்டில் விட்டுவிட்டு வரும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார்.

“நான்தான் கார் ஓடுறன். பிள்ளையும் வரட்டும்,” என்றார் அம்மா.

அம்மா வயர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கல்லை ட்ரெய்லரில் ஏற்றி, மேலே படங்குத் துணியால் மூடிக் கட்டினார். பாரம் முழுக்கப் பின்பக்கம்.

பாதி இறக்கத்தில் ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. காரின் பின்பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்தது. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

“பிறேக்கைப் பிடியும்,” என்றார் அப்பா.

“இல்லை. இப்ப கார் பிறேக்கைப் பிடிச்சா இன்னும் ஆடும்.”

அம்மா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பெட்டியின் பிடியை மெல்லத் தள்ளினார். பின்னாலிருந்து யாரோ எங்களை இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. ஆட்டம் குறைந்தது, நின்றது. அம்மா காரை ஓரங்கட்டினார்.

அப்பா படங்கை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு கற்களை முன்பக்கம் மாற்றி அடுக்கினார். முடித்ததும் அம்மாவின் ஜன்னலருகே வந்து நின்றார்.

“அண்டைக்குச் சந்தியிலயும் நீர் பிறேக் பிடிச்சனீர்தானே?”

“ஓம். காலை எடுக்கவேயில்லை.”

வழக்கமாக ஏதும் பிசகினால் அப்பாதான் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வார். அன்று மற்றப் பக்கம் சுற்றிப் போய் அமர்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கல் தூக்கியதில் அவருக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.