அதே கை, அதே மெஷின்

மெஷின் நின்றதும் சென்னகிருஷ்ணன் முதலில் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் எழுதுவார்: ‘8.40, கரண்ட், 14 நிமிஷம்.’ ‘10.05, டூல் வரல, 35.’ நிமிடங்களைக் கூட்டும்போது மட்டும் உதடுகள் கன்னடத்தில் அசையும். சனிக்கிழமைதான் துடைப்பார்.

ஓசூரில் கியர் தண்டு கடையும் எங்கள் ஆலையில் அவர் பத்தொன்பது வருட ஆபரேட்டர். அவர் கடைந்ததை அளந்து பார்ப்பவன் நான். உத்தனப்பள்ளியிலிருந்து பைக்கில் வருவார். எண்ணெய்க் கையால் டீ டம்ளரைத் தொடமாட்டார். காகிதம் சுற்றித்தான் பிடிப்பார். பக்கத்து மெஷினில் நிற்கும் பிரவீனாவுக்கும் இந்த சாக்பீஸ் பழக்கத்தைத் தொற்றவைத்துவிட்டார்.

போன வருடம் மூன்று வாரப் பயிற்சிக்கு அவரை ஜெர்மனியிலுள்ள தாய் ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் இதே மெஷின். ஷிப்டுக்கு நானூற்று இருபது தண்டு கடைந்தார். திரும்பி வந்தார், இருநூற்று எண்பது.

“கை அதே கைதானுங்க சார். பிளைட்டுல வரும்போது மொன்னையாயிடுச்சா? அங்க டூல் போச்சுன்னா கைக்கு எட்டுற டிராயர்ல புதுசு இருக்கு. இங்க ஸ்டோர்ல வாங்க மூணு கையெழுத்து. அதுல ஒருத்தர் எப்பவும் கேன்டீன்ல. அங்க பக்கத்து மெஷின்காரனுக்கு ரெண்டு நாள்ல வர்ற சம்பளம், எனக்கு மாசம் பூராத்துக்கும்.”

போன வியாழக்கிழமை கூட்டம். மேலாளர் மோகன்குமார் திரையில் உற்பத்தி வரைபடத்தின் இரண்டு கம்பங்களைக் காட்டினார். ஜெர்மனி நெட்டை, நாங்கள் குட்டை.

“ஒரு ஆள் எவ்வளவு உற்பத்தி பண்றானோ, அதான் அந்த நாட்டோட வருமானம். நம்ம ஆளுங்க ஸ்லோ. அவ்ளோதான்.”

முதலில் சொன்னது பெரும்பாலும் சரி. இரண்டாவதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினும் ஒன்று, ஆளும் ஒன்று என்றால், குறைந்த நூற்று நாற்பது தண்டு எங்கே போனது? கரண்டில் போனது, ஸ்டோரில் போனது, மேடுபள்ளமாக வந்து இறங்கும் இரும்பில் போனது, இதையெல்லாம் சரி செய்யச் சம்பளம் வாங்குகிறவர்களின் அலட்சியத்தில் போனது. அதற்கு அந்தத் திரையில் கம்பமே இல்லை.

பிறகு மோகன்குமார் ஒரு தாளை எடுத்தார். எண்ணிக்கை ஆகக் குறைவு பிரவீனாவுடையது. காரணம், ‘ஆபரேட்டர் மந்தம்’. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் திங்கள் முதல் வரவேண்டாம். மூத்த ஆபரேட்டர் என்ற முறையில் சென்னகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அஞ்செட்டியில் குழந்தையை விட்டுவிட்டு இங்கே அறையெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பெண். சுவரோரம் நின்று அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இந்த வாரம் என் மெஷினு எத்தன தடவ நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும்ல?”

சென்னகிருஷ்ணன் எழுந்து வெளியே போனார். கையெழுத்துக்குப் பயந்து நழுவுகிறார் என்றே நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் திரும்பினார். பிரவீனாவின் மெஷினிலிருந்து கழற்றிய பக்கவாட்டுத் தகடு தோளில் இருந்தது. மேல்கோடி முதல் கீழ்கோடி வரை சாக்பீஸ் எழுத்து. அதைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். கம்பங்கள் இரண்டும் மறைந்தன.

“இதுல பிரவீனாவால நின்ன நிமிஷம் எதுன்னு வட்டம் போடுங்க சார். நான் கையெழுத்துப் போடறேன்.”

சாக்பீஸை நீட்டினார். மோகன்குமார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னகிருஷ்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை.