அண்ணன் பெயரில் பதிவான எங்கள் குடும்பச் சின்னம்

எங்கள் முன்னோர் சிறு ஜமீன்தார்கள். யானையும் வேலும் பொறித்த குடும்ப முத்திரையை அப்பா என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சான் ஹோசேயில் இருக்கும் அண்ணன் அதை ஸ்கேன் பண்ணித் தருவதாக வாங்கிச் சென்று, பிறகு திருப்பித் தந்தார்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஐசலின் ஊரில் என் மகள் திறந்த இட்லிக் கடையின் பலகையில் அந்தச் சின்னத்தைப் போட்டோம். ஒரே மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தன் மசாலா கம்பெனிக்கு அண்ணன் அதை ட்ரேட்மார்க் பண்ணியிருந்தார்.

"அண்ணா, அப்பா எனக்குக் குடுத்ததுதானே அது?"

"பிசினஸ்ல சென்டிமென்ட் பாக்காதம்மா. என் லாயர்கிட்ட பேசிக்கோ."

மகளே பலகையைக் கழற்றினாள்.

இப்போது வீட்டுப் பொருள் எதையும் கையெழுத்து வாங்காமல் நான் தருவதில்லை. போன வாரம் அம்மாவின் போட்டோவைக் கேட்ட தங்கையிடமும் பேப்பரை நீட்டினேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.