கடைசியாக வந்த பாட்டி

எங்கள் பாட்டி சாவகாசமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கப் போவதானாலும் ஓட்டம்தான். நர்ஸிங் படிக்கும்போது நானூறு மீட்டரில் கப் வாங்கியவள். ஆஸ்பத்திரியிலிருந்து ரிடையர் ஆன பிறகும் தினம் காலையில் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு வந்துதான் காபி குடிப்பாள். புடவைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த ஷூதான் முதலில் போய்ச் சேரும். ஆனால் யாருக்கு என்ன நோய் என்று வீட்டில் மூச்சு விடமாட்டாள். அம்மா துருவிக் கேட்டால், "அது அவங்க சமாச்சாரம். நீ குழம்பைப் பாரு" என்பாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது பள்ளி விளையாட்டு விழாவில் தாத்தா பாட்டிகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கத்தில் உட்காரும் தோழி, "எங்க தாத்தா மிலிட்டரி" என்றாள். "எங்க பாட்டி உங்க தாத்தாவை ரெண்டு சுத்து சுத்திட்டு வருவாங்க" என்றேன். தோற்றவள் வருஷம் முழுக்க ஜன்னலோர இடத்தை விட்டுத்தர வேண்டும் என்று முடிவானது. அந்த இடம் அப்போது என்னுடையது. வாய்க்கொழுப்பு என்னை எங்கேயெல்லாம் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

விழா அன்று பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் நின்றாள். பக்கத்தில் மிலிட்டரி தாத்தா, முறுக்கிய மீசையும் இஸ்திரி போட்ட வெள்ளைப் பேண்ட்டுமாக. ஓடுவதற்கு முன்பே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பாட்டி அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்ல, அவர் பேத்தியைக் காட்டித் தலையை ஆட்டி மறுத்தார். தண்ணீர் பாட்டிலோடு நின்ற எனக்குப் பாட்டி கடைசியில் சொன்னது மட்டும் கேட்டது.

"சரி, அப்போ எங்கூட பேசிக்கிட்டே மெதுவா வாங்க. பேச்சு நின்னா அங்கேயே உக்காந்துடணும்."

விசில் ஊதினார்கள். மற்ற கிழவர்களும் கிழவிகளும் விழுந்தடித்து ஓடினார்கள். எங்கள் பாட்டியோ அந்தத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி சிரித்துப் பேசியபடி ஆடி அசைந்து வந்தாள். "ஓடி அஜ்ஜி, ஓடி" என்று பி.டி. மாஸ்டர் பாட்டியை ஓடச் சொல்லிக் கன்னடத்தில் கத்திப் பார்த்தார். மைதானமே சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாக வந்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. தோழியும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். ஜன்னலோர இடத்தை டீச்சர் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று என்னைப் பக்கத்து வீட்டு அக்காவோடு அனுப்பிவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் பாட்டி வீட்டுக்கு வந்தாள். "ஏன் பாட்டி ஜெயிக்கல?" என்று கத்தினேன்.

"நல்ல மனுஷன்டி. பேச்சு சுவாரசியமா இருந்துச்சு" என்றாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் என் டிபன் பாக்ஸில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் வந்தது. தின்றேன், மன்னிக்கவில்லை. தோழியின் தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். தோற்றதைத் தாங்க முடியாமல் படுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பாட்டி இறந்தபோது, தடியூன்றிக்கொண்டு அந்த மிலிட்டரி தாத்தா வந்தார். எண்பது தாண்டியிருக்கும். மீசை மட்டும் அப்படியே இருந்தது.

"ஓட வேணாம்னு அன்னிக்கே சொன்னாங்கம்மா. பேத்தி பாக்குறாளேன்னு எனக்கு வீம்பு. கோட்டைத் தாண்டின கையோட ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் விட்டிருந்தா ஹார்ட்டு நின்னிருக்கும்னாரு டாக்டர்" என்றார்.

எல்லோரும் போன பிறகு அந்தப் பந்தயத்தின் போட்டோவைத் தேடி எடுத்தேன். கைகோத்து ஓடிய ஜோடி என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டிப் பாட்டியை நான் கேலி செய்த அதே போட்டோ. அதில் அவள் கைகோக்கவே இல்லை. அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருக்கிறாள். இன்னொரு கையிலுள்ள வாட்சு அவள் கண்ணுக்கு நேரே இருக்கிறது. முகம் சிரிக்கிறது. எட்டு வயதில் நான் பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.