மண் வேண்டாத கீரை

ஜார்ஜ் டவுனிலிருந்து தீவின் மறுபக்கமுள்ள பாலிக் புலாவ் போகிற வழியில், ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்குகிறேன். உள்ளே வரிசையாக வெள்ளைக் குழாய்கள். அவற்றின் துளைகளில், மண்ணே இல்லாமல், உரம் கலந்த தண்ணீரில் கீரை வளர்க்கிறார் மாரியப்பன். பாதிக்கு மேல் வாடிக் கிடக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயின் வாயில் கட்டியிருந்த பழைய கைலியை அவர் அவிழ்த்துப் பிழிகிறார். செம்மண் சேறாக வழிகிறது.

"மலைத்தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு அண்ணே. மேல காட்ட அழிச்சதுலேர்ந்து மழை பேஞ்சா இப்படித்தான். சேறு அடைச்சு வேரெல்லாம் அழுகிப் போவுதுலா."

எதிரே மலை பாதி மொட்டையாக, சிவப்பாகத் தெரிகிறது.

"யார் அழிச்சது?"

"நாங்கதான். நான் மிஷின் வாள் பிடிச்சேன். அந்தக் கூலியிலதான் இந்தக் குழாயெல்லாம் வாங்குனேன்."

கைலியை மறுபடியும் இறுக்கிக் கட்டுகிறார். தண்ணீர் சிவப்பாகவே விழுகிறது.