பேயின் முதுகில் மூன்று கோடுகள்

என் ஆயுளில் நான் நெய்தது ஒரே ஒரு வேட்டி, அதையும் கெடுத்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியைக் கண்டால் ஓடி ஒளிகிறவன், கல்யாண வேட்டியை மட்டும் நானே நெய்வேன் என்று வீம்பு பிடித்தேன். ஊடையைக் குறுக்கே ஓட்டும் நாடாவில் நூல் தீர்ந்தது தெரியாமல் மூன்று இடங்களில் வெறும் நாடாவை ஓட்டித் துணியைச் சுருட்டிவிட்டேன். அங்கெல்லாம் ஊடை இல்லாமல் வேட்டி பல்லிளித்தது. அதை உடுத்தித்தான் தாலி கட்டினேன். பிறகு பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

யுத்த காலத்தில் எடப்பாடி டூரிங் கொட்டகைக்கு ஒரு பேய்ப் படம் வந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் சில்லறைச் செலவில் எடுத்த படம். அதில் தச்சு வேலை பார்த்த என் மைத்துனன் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். கொஞ்ச நாளாகவே அவன்மேல் எனக்கு ஒரு கண். கேட்காமலே வெற்றிலை மடித்துக் கொடுத்தான். படம் வந்ததும், "நீங்க பாக்க வேண்டாமுங்க மாமா, சுமாரு" என்றான். தான் ஆணியடித்த படத்தையே பார்க்காதே என்கிறவனை எப்படி நம்புவது? அன்றைக்கே கிளம்பினேன். மனைவி தலைவலி என்று படுத்துவிட்டாள். அதைச் சந்தேகிக்கத்தான் எனக்குப் புத்தி இல்லை.

படத்தில் குறைக்குப் பஞ்சமில்லை. கதவைச் சாத்தினால் நிலா ஆடியது. ஆந்தை பறந்தபோது கயிறும் கூடவே பறந்தது. மலையாளத்துக் காடு என்றார்கள். நடுவே நம்மூர் மேச்சேரி ஆடுகள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. கதாநாயகி மயங்கி விழுமுன் பாய் எங்கே என்று பார்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி கேலி பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பேயின் முகத்தை அவர்கள் கடைசிவரை காட்டவில்லை. தலைவழியே வெள்ளையைப் போர்த்திக்கொண்டு கிணற்றடியில் அது முதுகைக் காட்டி நின்றது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கிணற்று ராட்டினம் மட்டும் கிறீச்சிட்டது. பேய்க்கு அப்பால் ஏதோ விளக்கு வைத்திருப்பார்கள் போல. முதுகில் நகத்தால் பிறாண்டியது மாதிரி மூன்று கோடுகள் ஒளிர்ந்தன. கொட்டகை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வேறு காரணத்தால் வியர்த்தது. பேய் போர்த்தியிருந்தது என் கல்யாண வேட்டி.

விடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்தேன். வேட்டி இல்லை. மைத்துனனைக் கூப்பிட்டு, "திருட்டுப் பயல ஊட்ல வெச்சுக்க முடியாது, மூட்டையக் கட்டு" என்றேன். அவன் மறுக்கவில்லை. அக்காளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தான். வாயைத் திறக்காததே சாட்சி என்று நினைத்தேன்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து விஷயத்தை உடைத்தாள். யுத்தத்தில் துணி கிடைக்காமல் படக்காரர்கள் திண்டாடினார்களாம். வெள்ளைத் துணி கொண்டுவந்தால் வேலை நிலைக்கும் என்று தம்பியிடம் சொன்னார்களாம். அவள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாமாவிடம் மூச்சு விடாதே என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். மைத்துனன் மூட்டையைக் கீழே வைத்தான். நான் அசடு வழிந்தேன், ஆனாலும் அவளை விடவில்லை.

"பொட்டியில நாலு வெள்ள வேட்டி கெடந்துச்சே, எங்கலியாண வேட்டியத்தான் குடுக்கோணுமா?"

"பேய்க்கு அதுதானுங்க பொருந்துச்சு."