மாமி வட்டமிட்ட சொல்

அன்று மாலை லூயிஷாம் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது அம்மா அழைத்தார். “பிள்ளை, மாமி போயிட்டா” என்றார். மேடையில் ஒரே இரைச்சல். “எங்கை போனவ?” என்று கேட்டேன். அம்மா அழுதபோதுதான் விளங்கியது. ரெனாட்டே மாமி இருந்திருந்தால் என் கேள்விக்குச் சிரித்திருப்பார். பிறகு, “நல்ல கேள்விதானே” என்றும் சொல்லியிருப்பார்.

இந்த நினைவு மலரை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனிக்கு அகதியாகப் போன என் பெரியமாமாவை அங்கே மணந்து, அவருடன் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் எங்கள் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தவர். மாமாவிடம் பழகிய யாழ்ப்பாணத் தமிழை எந்தக் கடையிலும் கூசாமல் பேசுவார். ஒருமுறை மரக்கறிக் கடையில் இரண்டு பேர், “வெள்ளைக்காரி முருங்கைக்காய் வாங்கி என்ன செய்யப்போறா?” என்று தங்களுக்குள் கதைத்தார்கள். மாமி ஒரு காயை முறுக்கிப் பார்த்தபடியே, “குழம்பு வைக்கப்போறன். உங்கட வீட்டிலை என்ன, கேக் செய்யிறவையோ?” என்றார். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பேச்சு வந்த அளவுக்கு அவருக்கு வாசிப்பு வரவில்லை. கையில் பென்சிலோடு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். சில வருடங்களுக்கு முன் அம்மாவின் தகப்பனார் இறந்தபோது, மரண அறிவித்தலை எங்கள் சமையலறை மேசையில் விரித்து வாசித்தார். ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

“காலஞ்சென்ற எண்டால் என்ன?”

“செத்துப்போனவையை மரியாதையாச் சொல்லுறது, மாமி. காலம் முடிஞ்சு போனவர் எண்டு.”

அந்தச் சொல் சின்னமாமாவின் பெயருக்கு முன்னால் இருந்தது. சின்னமாமா என்றால் அம்மாவின் தம்பி வரதன். பத்தொன்பது வயதில், போர்க்காலத்தில் ஊரில் ஷெல் குண்டு விழுந்து இறந்தவர்.

“வரதனுக்குக் காலம் முடிஞ்சதோ?” என்று மாமி கேட்டார். “ஆர் முடிச்சது?”

அவர் அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

அடுத்த கிழமை ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்த நாலு வரி. அவருடைய அம்மாவின் தகப்பன் எமில் ஹார்ட்விக் அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர். அரசுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களை அச்சடித்தார் என்று நாஜிகள் பிடித்துக்கொண்டு போய் வதைமுகாமில் அடைத்தார்கள். முகாம் அதிகாரிகள் வீட்டுக்கு அனுப்பிய கடைசிக் கடிதம் அது.

“இதயம் நிண்டு காலமானார் எண்டு எழுதியிருக்கிறாங்கள்” என்றார் மாமி. “அவருக்கு முப்பத்தாறு வயசு. கல்லுடைக்க விட்டு, அடிச்சுக் கொன்றவங்கள். தப்பி வந்த ஒராள் அம்மாவுக்குச் சொன்னது. வடிவான கடிதம், என்ன?”

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். “எனக்குப் பிள்ளையள் இல்லை. இந்தப் பேர் தெரிஞ்ச கடைசி ஆள் நான். என்ரை அறிவித்தலை நீதான் எழுதுவாய். இவரைக் காலஞ்சென்றவர் எண்டு எழுதிப்போடாதை.”

வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்பதால் படிவம், கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். மாமிக்கு அது தெரியும். நான் தலையாட்டினேன்.

மாமியின் அறிவித்தலை நான்தான் எழுதினேன். ‘நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்ட எமில் ஹார்ட்விக் அவர்களின் அன்புப் பேத்தியும்’ என்று எழுதி அனுப்பினேன். அறிவித்தல் போடுகிறவர் உடனே அழைத்தார்.

“தங்கச்சி, கொல்லப்பட்ட எண்டு போட்டால் சனம் பயந்துபோகும். பொலிஸ் கேஸோ எண்டு எனக்கெல்லே போன் அடிக்குங்கள். வழக்கமாப் போடுற மாதிரி மாத்திவிடட்டோ?”

அம்மா பக்கத்தில் நின்று, “ஓம் எண்டு சொல்லு, நேரம் போகுது” என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஓம் அண்ணை” என்றேன்.

தகன மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் கையில் வைத்திருந்த தாளில் ‘காலஞ்சென்ற எமில் ஹார்ட்விக்’ என்றுதான் இருந்தது. மாமா அதை இரண்டு தரம் வாசித்தார். “கண்டிருந்தால் அவ பென்சில் கேட்டிருப்பா” என்றார். என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது, அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் சம்மதித்தேன். ரெனாட்டே மாமி, நாஜிகள் வதைமுகாமில் அடித்துக் கொன்ற எமில் ஹார்ட்விக்கின் பேத்தி. வாசிக்கிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நேற்று இதை அம்மாவிடம் காட்டினேன். “சரி, அவருக்கு அப்பிடியே இருக்கட்டும்” என்றார். மலரின் முதல் பக்கத்தில், உறவினர் வரிசையில், ‘காலஞ்சென்ற வரதன்’ என்று இருக்கிறது. “சின்னமாமாவுக்கும் மாத்தட்டோ, அம்மா?” என்று கேட்டேன்.

அம்மா தாளைத் திருப்பித் தந்தார். “தம்பியை விடு, பிள்ளை. அவனை அப்பிடி அச்சிலை பாக்க என்னாலை ஏலாது.”

நான் மாற்றவில்லை. மாமி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுத்துக்கூட்டி வாசித்த அந்தப் பழைய அறிவித்தலை என்னிடம் வைத்திருக்கிறேன். பென்சில் வட்டம் மங்கிவிட்டது, ஆனாலும் தெரிகிறது. ஆர் முடிச்சது என்று மாமி கேட்டதற்கு, எமில் ஹார்ட்விக்கைப் பொறுத்தவரை இந்த மலரில் பதில் எழுதிவிட்டேன். சின்னமாமாவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.