வாரத்தில் நாலு நாள் கோழி

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிற என் மகள் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒரு தரம் சமைத்து நாலு இரவு சாப்பிடுவது எப்படி என்று அதில் ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறார். பளபளவென்று அடுப்பங்கரை, வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி கிழமையின் பெயர் ஒட்டியிருக்கிறது. கூடவே மகளின் குரல்: "அம்மா, இதப் பாத்துச் செய்ங்க. காசும் மிச்சம், வேலயும் மிச்சம்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்துவிட்டது. நாலு நாள் குழம்பு என்றால் இன்றைக்கும் என் கண் வாசலுக்குத்தான் போகும், யாராவது வருகிறார்களா என்று.

நான் பயந்த பிறவி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு பயங்கரமாக இருக்கும் என்று யாரோ சொன்னது அதைவிடப் பெரிய காரணம். இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தரம் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

கல்யாணமாகி மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை வீடு, கிடைத்தது. லயம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. என் படிப்பைப் போல பாதியில் நின்றுவிடும். அதற்கு மேலே புகை, இருமல், புருஷன் பெண்டாட்டி சண்டை, தாளிக்கிற வாசம் எல்லாம் லயத்துக்கே பொதுச் சொத்து.

சுவருக்கு அந்தப் பக்கம் பூரணம் அக்கா இருந்தார். வாசத்தை வைத்தே எங்கள் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "என்னா புள்ள, வெங்காயத்தக் கருக்கிட்டியா?" என்று மேலேயிருந்து குரல் விழும்போது சாமியே கேட்பது மாதிரி இருக்கும். நானும் கூரையைப் பார்த்து, "லேசாத்தான் அக்கா" என்பேன்.

அவர், அதாவது என் வீட்டுக்காரர், தோட்டத்துப் பெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்தார். நான் மலையில் கொழுந்து எடுத்தேன். கையில் காசு வந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் ஒரு சின்னக் கோழி வாங்கி வருவோம். ஞாயிறு அது கோழிக் குழம்பு. திங்கட்கிழமை உருளைக்கிழங்கு உள்ளே போகும். செவ்வாய் ஒரு பிடி பருப்பு. புதன்கிழமை புளித்தண்ணியும் மிளகாய்த் தூளும், கூடவே கடவுள் நம்பிக்கையும். விடியலில் வேலைக்குப் போகுமுன் ஒரு கொதி, அந்தியில் ஒரு கொதி. நடுவில் எங்கள் ஊர்க் குளிர் பார்த்துக்கொள்ளும். குழம்பில் தோய்க்க ரொட்டி.

இதில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கழுத்தெலும்பை யாரும் தின்னக் கூடாது. அது கடைசி நாள் வரைக்கும் சட்டியிலேயே குடியிருக்க வேண்டும். வாசம் அதிலிருந்துதான் வரும். கரண்டியில் அது ஏறிவந்தால் அவர், "வாங்க வாங்க, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சட்டிக்குள் இறக்கிவிடுவார்.

வாசம்தான் வினையாகப் போயிற்று. பூரணம் அக்காவுக்கு என் மேல் பெருமை. அந்தப் பெருமையில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்து, "எங்க பக்கத்துக் காம்பராவுல வாரத்துல நாலு நாளு கோழி!" என்று சொல்லிவிட்டார். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அது தினமும் கோழியாகிவிட்டது. பெக்டரி வாசலைத் தொட்டபோது புரியாணி.

ஒரு திங்கட்கிழமை அவர் வேலை முடிந்து வந்து மெதுவாகச் சொன்னார். "பெக்டரியில தூள் கொறையுதாம். தெனம் கோழி திங்கிறவன் எவன்னு தேடுறாங்களாம்."

"ஐயையோ, அது நீங்களா?"

"நம்ம சட்டியில அம்புட்டுக் கோழி கெடக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். திருட்டுப் பட்டத்தோடு வேலை போனால் காம்பராவும் போகும். மூட்டை முடிச்சோடு அப்பா வீட்டு வாசலில் போய் நிற்பதுவரை எனக்குப் படம் ஓடிவிட்டது. முதலில் இந்த வாசத்தை மறைக்க வேண்டும். குழம்பைச் சூடாக்குமுன் ஒரு கருவாட்டை எடுத்துத் தணலில் போட்டுக் கருகவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"அடியாத்தீ! கோழியோட கருவாடுமா? நடக்கட்டும், நடக்கட்டும்!"

மறுநாள் அந்தி மழையில் குடையை மடக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை வந்து நின்றார். மலையில் எங்களை வேலை வாங்குகிற மனிதர், அன்றைக்கு என் வீட்டு வாசலில். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். சும்மா வந்தவர் கட்டிலுக்குக் கீழே குனிந்தார், விறகை விலக்கினார், அரிசி வாளிக்குள் கை விட்டார். தேயிலை என்று சொல்ல எங்களிடம் இருந்தது ஒரு டின்னில் பாதித் தூள், அதுவும் தோட்டம் கொடுத்தது. கடைசியில் அடுப்பைப் பார்த்தார்.

"அது என்னம்மா?"

"கோழிங்க."

"இன்னிக்கு அடிச்சதா?"

"ஞாயித்துக்கெழம வாங்குனதுங்க."

"செவ்வாக்கெழம வரைக்கும் கோழி இருக்குமா? யாருகிட்ட கத விடுற? போடு பாப்போம்."

தட்டில் ரொட்டியை வைத்து, குழம்பை ஊற்றினேன். கிழங்கு விழுந்தது. பருப்பு விழுந்தது. இன்னொரு கிழங்கு. "கோழிய எங்க?" என்றார். கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினேன். அதுவரை இருமிக்கொண்டிருந்த லயம் முழுக்க மூச்சுக் காட்டவில்லை. அண்ணாந்து பார்த்தால் சுவருக்கு மேலே பூரணம் அக்காவின் கண்கள் மட்டும் தெரிகின்றன. பெஞ்சில் ஏறி நின்றிருக்கிறார். கரண்டியில் வந்தது கழுத்தெலும்புதான். தட்டில் வைத்தேன். கணக்கப்பிள்ளை அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயா, அதக் கடிச்சிராதீங்க!"

கத்தியது நான்தான். அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"ஏன், என்னா அதுல?"

"ஒண்ணும் இல்லீங்க. அது நாளைக்கும் வேணுங்க."

முதலில் சுவருக்கு மேலே ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு அடுத்த காம்பராவில், அதற்கு அடுத்ததில், கடைசி வீடு வரைக்கும் தகரத்தில் மழை ஓடுவது மாதிரி ஓடியது. கணக்கப்பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எலும்பைக் கடித்து, உறிஞ்சி, ஒன்றும் பாக்கி வைக்காமல் முடித்தார். கையைக் கழுவிவிட்டு, அடுப்போரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"எலும்ப இப்புடிக் காவல் காக்குறவங்க வீட்டுலயாடா தூளத் தேடச் சொன்னாங்க? நா பேசிக்கிறேன், போ."

வேலை தப்பியது. புதன்கிழமைக் குழம்புதான் போயிற்று. வெறும் பருப்பைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது, அதில் இரண்டு முட்டை.

"இந்தா புள்ள, எலும்பு போச்சுல்ல. இதப் போட்டு ஓட்டு."

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமையானால் அந்தக் கை தவறாது. கரட், ஒரு துண்டு பூசணி, ஒரு தடவை அக்கா வீட்டுக் கோழிக் குழம்பிலிருந்தே ஒரு கழுத்தெலும்பு. "நல்லா வேலக்கிப் பழகுனது, மூணு நாளு தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

இப்போது எங்களுக்குத் தனி வீடு. சுவர் கூரை வரை போய் முட்டி நிற்கிறது. பூரணம் அக்கா மகனோடு வத்தளைப் பக்கம் போய்விட்டார். பழைய லயத்தில் எங்கள் பக்கம் கூரையில்லாமல் புல் மண்டிக் கிடக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் இருப்பதால் குழம்பைக் காலையில் கொதிக்கவைக்க வேண்டியதுகூட இல்லை.

இந்த ஞாயிறும் கோழி சமைத்தேன். திங்கட்கிழமை கிழங்கு போட்டேன். நேற்று செவ்வாய். சட்டியைச் சூடாக்கி மூடியைத் திறந்தேன், கழுத்தெலும்பு பத்திரமாக இருந்தது. வாசம் மேலே போய்ச் சீலிங்கில் இடித்து என்மேலேயே திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கோழிதான் அக்கா" என்று நானாகவே சத்தமாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு, யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.